மெஷின் சொன்ன ஹாய்

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் சபையில் என் உடம்பைப் பற்றி மூன்று கதைகள் உலவினவாம். கம்போடியாவில் ஊழியம் செய்த இடத்தில் சாத்தான் என்னைத் தாக்கிவிட்டான் என்பது ஒன்று. அங்கே குடித்த தண்ணீர் எனக்குச் சேரவில்லை என்பது இன்னொன்று. உபவாசம் இருந்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டேன் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது கதையைச் சொன்னவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்தி மரியாதையோடு சொன்னார்களாம். எதுவும் சரியில்லை. எனக்கு வந்தது இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கிற அதே இனிப்பு நீர். அதில் சாத்தானுக்கு எந்தப் பங்கும் இல்லை.

இப்போது போதகர் சபைப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் சாட்சி எழுதித் தரச் சொல்கிறார். சாட்சி எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கே நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறேன். நோய் வந்தது, டாக்டர்கள் கைவிட்டார்கள், ஜெபித்தோம், எழுந்து நடந்தேன், அல்லேலூயா. என் கதையை அப்படி மடிக்க முடியவில்லை. டாக்டர்கள் யாரையும் கைவிடவில்லை. கைவிட்டவன் நான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பத்திரிகையில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

என் பெயர் சாமுவேல். பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை. தராசு, அழுத்தம் காட்டும் கருவி, சூடு காட்டும் கருவி எல்லாம் என் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். மெஷினில் வரும் எழுத்தைப் படித்தே சோறு தின்கிறவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வெட்கம் மற்றவர்களுடையதைவிட ஒரு பிடி அதிகமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

கம்போடியாவிலிருந்து திரும்பிய மறுநாள் காலை பல் விளக்கப் போனவன், குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வயிறு பிசைந்தது. ஒன்றும் செய்யாமலே ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்கியது. என் மனைவி ரூபி குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, வாயில என்ன வாசம் இது? நங்கா பழம் அழுகின மாதிரி இருக்கு." நங்கா என்றால் எங்கள் பேச்சில் பலா.

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேரும்போது எனக்கு நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. யாரோ சக்கர நாற்காலியில் தள்ளினார்கள். ஒரு மிஸ்ஸி என் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மெஷின் ஒன்றின் நாக்கில் தொட்டு வைத்தார். நர்ஸை மிஸ்ஸி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். மெஷினில் எச், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. அறிமுகமான முகத்தைக் கண்டதுபோல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஹாய்" என்று மெஷினைப் பார்த்துக் கையை ஆட்டினேன். ரூபி எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்து அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் தமிழ்ப் பெண், என் மகள் வயது இருக்கும். அவர் சிரிக்கவில்லை.

"ஹாய் இல்ல அங்கிள். அது ஹை. சர்க்கரை ரொம்ப ஹையா இருக்கு, மெஷினால நம்பர் காட்ட முடியல. அதான் அந்த ரெண்டு எழுத்தை மட்டும் போடுது. இந்த மெஷின் கணக்குல அஞ்சு, ஆறு இருக்க வேண்டிய இடத்துல உங்களுக்கு எவ்வளவு இருக்குன்னு லேப்புக்கு அனுப்பித்தான் பார்க்கணும். இதுக்கு முன்னால டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"பண்ணேன்."

"எப்போ? என்ன வந்துச்சு?"

"போன வாரம். ஹாய் வந்துச்சு."

அவர் என் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. "எந்த கிளினிக் அங்கிள்? யாரு பண்ணாங்க?"

"நான்தான் பண்ணேன்."

ஹை என்ற சொல் அப்போதுதான் எனக்குள்ளே இறங்கியது. என் உயிரைப் பற்றிய பயம் முதலில் வரவில்லை. ஒரு பெண்ணின் முகம் வந்தது. சிவப்பு ரிப்பன் கட்டிய பெரிய கூடையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்த முகம்.

"டாக்டர், எனக்கு மட்டும் இல்ல. இன்னொரு அம்மாவுக்கும் ஹாய் வந்துச்சு. அவங்க கம்போடியாவுல இருக்காங்க" என்றேன். எழுந்து உட்காரப் பார்த்தேன். இரண்டு பேர் என்னைத் திரும்பப் படுக்க வைத்தார்கள்.

அந்தப் பயணத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் சபையிலிருந்து ஒரு சிறு குழு கம்போடியாவில் ஒரு கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, ஒரு வார ஊழியத்துக்குப் போனோம். பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, சபைக் கட்டடத்துக்கு வண்ணம் பூசுவது, பிறகு ஒருநாள் மருத்துவ முகாம். எங்கள் சபையில் நர்ஸாக இருக்கும் ஒரு சகோதரிதான் முகாமை நடத்துவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சர்க்கரை பார்க்கும் மெஷினை மருந்துக் கடையில் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. "மீட்டர்னா நம்ம சாமுவேல் பிரதர்தான்" என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு காணொளியைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மெஷினோடு வந்த சிறு புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. தொழிற்சாலையில் ஒரு பையன் அப்படிச் செய்திருந்தால் நான் கத்தியே அவனை ஒரு வழி பண்ணியிருப்பேன்.

எனக்கு அப்போதே நோய் முற்றியிருந்தது. பயணத்துக்கு முந்திய மாதங்களில் உடம்பு மளமளவென்று இளைத்தது. பயணத்துக்காக மத்தியானச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருந்தேன், உண்மைதான். ஆனால் சாயங்காலம் உபவாசம் முடிக்கும்போது ஒரு ஜாடி ரோஸ் சிரப்பைக் காலி பண்ணுவேன். அப்படி ஒரு தாகம். சபையில் எல்லாரும் என் தொளதொளத்த சட்டையைப் பார்த்து, "பிரதர் எப்படி ஜெபத்துல உருகிட்டார் பாருங்க" என்றார்கள். நானும் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டேன். நடுநடுவே கழிப்பறைக்கு ஓடியதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கம்பத்தில் எங்களுக்கு மொழிபெயர்த்தவள் பெயர் சொக்கா. அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் குழு சிரித்த சிரிப்பு இருக்கிறதே. சொக்கா என்றால் நமக்குச் சட்டை. போதாததற்கு அவள் நம் நாட்டுப் பத்து பாகாட் ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் பல வருஷம் சட்டை தைத்தவள், அங்கேதான் மலாய் கற்றாள். "சொக்கா தைச்ச சொக்கா" என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவள் கேட்டபோது யாரும் சொல்லவில்லை. அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

முகாம் அன்று மக்கள் ஊசியைப் பார்த்துப் பயந்து ஒதுங்கி நின்றார்கள். பயத்தைப் போக்க என் விரலையே முதலில் குத்திக் காட்டினேன். எச், ஐ. நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. புதிய மெஷின் முதல்முறை வணக்கம் சொல்கிறது என்று நினைத்தேன். எங்கள் தொழிற்சாலையில் சில மெஷின்களைத் தட்டினால் அப்படித்தான் ஏதாவது வரவேற்பு வரும். மெஷினைத் தலைக்கு மேலே தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டி, "பாருங்க, மெஷின் எல்லாருக்கும் ஹாய் சொல்லுது!" என்றேன். சொக்கா அதை மொழிபெயர்த்தாள். கூட்டம் சிரித்தது, பிள்ளைகள் மெஷினுக்குத் திருப்பிக் கையசைத்தார்கள். பயம் போய்விட்டது. வரிசை நீண்டது. எல்லாருக்கும் நல்ல எண்களாகவே வந்தன. வெயிலுக்குக் கரும்புச் சாறு பையில் ஊற்றிக் கொடுத்தார்கள், நான் குடித்துக்கொண்டே இருந்தேன்.

முகாம் முடியும் நேரத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, தோளில் கட்டம் போட்ட துண்டு. குத்தினேன். மறுபடியும் எச், ஐ.

எங்களிடம் ஒரு ஹேம்பர் மிச்சம் இருந்தது. சபையின் பெண்கள் ஐக்கியம் கட்டிக் கொடுத்த பெரிய கூடை. மைலோ, கெட்டிப்பால் டின்கள், கிரீம் பிஸ்கட், சிரப் போத்தல், மேலே பளபளக்கும் தாள், சிவப்பு ரிப்பன். அதை யாருக்குக் கொடுப்பது என்று காலையிலிருந்தே எங்களுக்குள் பேச்சு. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் மனம் வருந்தும். நம் ஊரில் குடும்ப விழா என்றால் லக்கி டிரா இல்லாமல் முடியுமா? எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து நின்று கையைத் தட்டினேன். "லக்கி டிரா! இன்னிக்கு மெஷின் ஹாய் சொன்னது இந்த அம்மாவுக்குத்தான். பரிசு இவங்களுக்கு!"

எல்லாரும் கைதட்டினார்கள். அவள் நம்பாமல் தன் நெஞ்சைத் தொட்டு "எனக்கா" என்பதுபோலப் பார்த்தாள். நான் மெஷினைக் காட்டினேன். அவள் மெஷினைப் பார்த்துக் கையை ஆட்டி, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னாள். "ஹாய்."

படம் எடுத்தோம். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வார்டில் எனக்கு வந்திருந்ததன் பெயரைச் சொன்னார்கள். வாயில் நுழையாத நீளப் பெயர். அந்தச் சின்ன டாக்டர் அதை உடைத்து விளக்கினார். "உங்க ரத்தம் முழுக்க சர்க்கரை இருக்கு அங்கிள், ஆனா உடம்பு அதை உள்ள எடுத்துக்க முடியல. இன்சுலின்தான் கதவைத் திறக்கிற சாவி, அது பத்தல. சோத்துப் பானைக்கு முன்னாலயே உடம்பு பட்டினி கிடக்குது. அப்போ அது கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அந்தக் கழிவுதான் அமிலமா ரத்தத்துல சேருது. அந்த அழுகின பழ வாசமும் அதுதான்." இன்னும் ஒரு நாள் வீட்டில் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "வராம இருந்திருந்தா நாம பேசிட்டிருக்க மாட்டோம்" என்றார்.

அந்தப் பதில் என்னைக் குத்தியது என் பொருட்டு அல்ல.

இரண்டு கையிலும் தண்ணீர் ஏறியது. இன்சுலின் ஒரு பம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மணிக்கு ஒருமுறை விரலில் குத்தினார்கள். ஒவ்வொரு முறையும் மிஸ்ஸி மெஷினைத் திருப்பிப் பார்ப்பதற்குள் நான் கண்ணை மூடிக்கொள்வேன். சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தார்கள். ரூபி என் வாயைத் துடைத்தாள், உடம்பைத் துடைத்தாள், வாந்தி எடுத்த துணியை ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துப் போனாள். நன்றி சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்படித் துடைத்துவிட அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணுக்கு விஷத்தைக் கூடையில் கட்டிக் கொடுத்துவிட்டு, நான் சுத்தமான படுக்கை விரிப்பில் படுத்திருந்தேன்.

ரூபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த ரிப்பனைக் கட்டினது நான்தாங்க" என்றாள். "கெட்டிப்பால் இன்னும் ரெண்டு டின் வைங்கன்னு சொன்னதும் நான்தான்."

பக்கத்துக் கட்டிலில் பெருமாள் என்று ஒருவர். கோத்தா திங்கி பக்கம் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டுபவர். இனிப்பு நீரால் காலில் புண், ஆறாமல் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். வாய் மட்டும் ஓயாது. என் கதையை முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஐயோ அலமாக்! நாங்கல்லாம் வியாதியை நாங்களே வாங்கிக்குவோம் லா. நீங்க ரிப்பன் கட்டி ஏரோப்ளேன்ல ஏத்திக் கொண்டு போய்க் குடுத்திருக்கீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "சரி, சரி. போன் அடிங்க. முதல்ல அந்தம்மாவைக் கண்டுபிடிங்க. சும்மா படுத்துக்கிட்டு அழுது என்னா ஆகப் போவுது?"

யாருக்குப் போன் அடிப்பது? சொக்காவின் எண் என்னிடம் இல்லை. ஒரு வாரம் முழுக்க எங்கள் வாயாக இருந்தவளின் எண்ணை நான் வாங்கிக்கொள்ளவே இல்லை. போதகரிடம்தான் இருந்தது.

போதகர் பார்வையாளர் நேரத்தில் வந்தார், கூடவே பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகளும். ஜெபித்தார்கள். என் கால்மாட்டில் எதையோ வைத்தார்கள். பார்த்தால் ஹேம்பர். பளபளக்கும் தாள், சிவப்பு ரிப்பன், உள்ளே மைலோ, பிஸ்கட், மால்ட் பானம். எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். பெருமாள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார், போர்வை குலுங்கியது.

போதகர் என்னை உற்சாகப்படுத்த நினைத்து, போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஊழியப் பயணத்தைப் பற்றிச் சபைக்குச் சொல்லும் மிஷன் ஞாயிறுக்குத் தயாராகும் பேனர். அதில் முழு அகலத்துக்கும் அந்தப் பெண், கையில் கூடை.

"என்ன சிரிப்பு பாருங்க பிரதர். இந்த ஒரு படம் போதும், நாம போன காரியம் சொல்லிடும்."

நான் உண்மையைச் சொன்னேன். ஹாய், ஹை, இரண்டையும். சகோதரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகர் நல்ல மனிதர், நான் விழுந்த செய்தி கேட்டு அவசரப் பிரிவு வாசலிலேயே காத்திருந்தவர். அவர் என் தோளைத் தொட்டார். "தெரியாம நடந்தது. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது, நம்புவோம்."

"எனக்கு ஆச்சே, பாஸ்டர்" என்றேன்.

போதகர் சொக்காவின் எண்ணை என் போனில் அவரே போட்டுக் கொடுத்தார்.

சொக்காவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். மலாயில் சொல்வதற்குள் நாக்கு குழறியது. படத்தையும் அனுப்பினேன். பதில் உடனே வந்தது. அவள் மலாயில் சொன்னதை இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன், அண்ணன் என்கிற அபாங்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டு.

"அபாங், அவங்க எங்க கம்பத்து ஆள் இல்ல. யாரோ சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தவங்க, திரும்பிப் போயிட்டாங்க. ஆத்துக்கு மேல எங்கயோ இருக்காங்க. நான் கேட்டுப் பார்க்கிறேன்."

அதற்குப் பிறகு காத்திருப்புதான். சர்க்கரை இறங்க இறங்க என் தலை தெளிந்தது. தலை தெளியத் தெளியப் படுக்கை முள்ளாகக் குத்தியது. சின்ன டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன், மெஷின் தவறாகக் காட்டியிருக்க வழியுண்டா என்று. விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால் அப்படிக் காட்டலாம் என்றார். அன்று கரும்புச் சாறு எல்லார் கையிலும்தான் இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் விரலில் சாறு இருந்திருக்கும், இருந்திருக்க வேண்டும் என்று ஜெபமே பண்ணினேன். நோயாளிகளுக்காக ஜெபிக்கப் போனவன், ஒரு பெண்ணின் கை அழுக்காக இருந்திருக்க வேண்டும் என்று ஜெபித்தேன்.

ரூபி ஃபிளாஸ்க்கில் தெ ஓ கொசோங் கொண்டுவருவாள், சர்க்கரை இல்லாத கறுப்புத் தேநீர். எனக்கு ஒரு குவளை, தனக்கு ஒன்று. "உனக்கு எதுக்கு இந்தக் கசப்பு?" என்றேன். "வீட்டுல சர்க்கரை டின்னைத் தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். பெருமாளுக்கும் ஒரு குவளை ஊற்றிக் கொடுப்பாள். ஹேம்பரை மட்டும் யாரும் தொடவில்லை, அது அலமாரி மேலே அப்படியே உட்கார்ந்திருந்தது.

குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டு, எனக்கே ஊசி போட்டுக்கொள்ள மிஸ்ஸி கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போன் அடித்தது. சொக்கா. வீடியோ கால்.

"கிடைச்சுட்டாங்க அபாங்! பேரு சாரோம். ஆஸ்பத்திரியில இருக்காங்க. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்."

உயிரோடு இருக்கிறாள். அதைக் கேட்டதும் நான் ஓவென்று அழுதுவிட்டேன். மிஸ்ஸி ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

சொக்கா மூச்சு விடாமல் சொன்னாள். சாரோம் தினமும் காலையும் மாலையும் மைலோவில் கெட்டிப்பால் ஊற்றிக் குடித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறாள். ஒருநாள் எழுந்திருக்க முடியவில்லை. மகள் மோட்டார் சைக்கிள் இழுக்கும் வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். காலில் ஒரு புண் இருந்திருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. காலில் புண் என்றதும், பக்கத்துக் கட்டிலிலிருந்து கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த பெருமாள் மெல்லத் தலையணையில் சாய்ந்துவிட்டார்.

"அபாங், ஒண்ணு சொல்லவா? இங்க நர்ஸ் விரல்ல குத்தினப்போ அதே எழுத்து வந்துச்சாம். இவங்க அந்த நிலையிலயும் மெஷினுக்குக் கையாட்டினாங்களாம். எனக்கு இதைத் தெரியும், இது என்னை ஏற்கெனவே கூப்பிட்டிருக்குன்னு நர்ஸுகிட்ட சொன்னாங்களாம்."

போன் சாரோமின் பக்கம் திரும்பியது. முகம் இன்னும் சுருங்கியிருந்தது. கழுத்தில் அதே கட்டம் போட்ட துண்டு. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள்.

"ஹாய்!"

பிறகு ஏதோ கேட்டாள். சொக்கா மொழிபெயர்த்தாள். "உங்களுக்கும் மெஷின் ஹாய் சொல்லிச்சே, முதல்ல உங்களுக்குத்தானே சொல்லிச்சு. உங்களுக்கும் பரிசு குடுத்தாங்களான்னு கேக்கறாங்க."

என் தலைக்கு மேலே, அலமாரியில், சிவப்பு ரிப்பன். ரூபி புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொக்கா, அது ஹாய் இல்லேன்னு அவங்ககிட்ட சொல்லு. உடம்புல ஆபத்துன்னு மெஷின் சொன்னதை, எனக்குப் படிக்கத் தெரியாம பரிசுன்னு சொல்லிட்டேன். நான்தான் தப்பு பண்ணேன், மன்னிப்புக் கேக்கறேன்னு சொல்லு."

சொக்கா தயங்கினாள். "இப்பவே சொல்லணுமா அபாங்? அவங்க சந்தோஷமா இருக்காங்க."

"சொல்லு" என்றேன். மனப்பாரத்தை இறக்கி வைக்கிற அவசரம் எனக்கு.

சொக்கா சொன்னாள். சாரோம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கோபப்படவில்லை. தூக்கியிருந்த கை மெதுவாக இறங்கியது. துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆற்றின் மேலே உள்ள அவள் ஊர் முழுவதும், மெஷின் என்னைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லிச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தவள் அவள். ஆஸ்பத்திரி நர்ஸுக்கு முன்னால் நோய்க்குக் கையாட்டியவள். அதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்திருக்கும். என் வெட்கத்தைத் தாங்க முடியாமல், அதைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டாவது ஹேம்பர்.

துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். சொக்கா குரலை இறக்கினாள்.

"அந்த போட்டோவை யாருக்கும் காட்டாதீங்கன்னு சொல்றாங்க."

வீட்டுக்கு அனுப்பும்போது அரசாங்க ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து ரூபி இரண்டு முறை கேட்டாள், இவ்வளவுதானா என்று. இவ்வளவுதான். சாரோமுக்கு அங்கே எவ்வளவு ஆகிறது என்று சொக்காவிடம் கேட்டு, அந்தச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அதைப் பெரிதாகச் சொல்ல எனக்கு வாயில்லை. பிறகு அவள் காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மறுபரிசோதனைக்குப் போனபோது சின்ன டாக்டரிடம், அது என்னால் வந்ததா என்று கேட்டேன். புண்ணும் சர்க்கரையும் முன்பே இருந்திருக்கும் என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. முன்பே இருந்ததை நான் கண்ணால் பார்த்தேனே, பார்த்துவிட்டுக் கைதட்டினேனே.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போதகரைப் பார்க்கப் போனேன். பேனர் அச்சாகி வந்திருந்தது. சுருட்டி அவர் மேசைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார். சாரோம் சொன்னதைச் சொன்னேன். அவர் அந்தச் சுருளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு வேற படம் இல்லையே பிரதர். எதைப் போடறது?"

"முகாம்ல எடுத்த என் படம் ஒண்ணு இருக்கு. அதைப் போடுங்க. நானே பேசறேன்."

மிஷன் ஞாயிறு அன்று சபை நிறைந்திருந்தது. என் சட்டை இன்னும் தொளதொளவென்றுதான் இருந்தது, ஆனால் யாரும் உபவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. சாட்சி நேரம் என்று போதகர் அறிவித்ததும் முன்னால் போய் நின்றேன். என் பின்னால் திரை ஒளிர்ந்தது. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும், அதில் என்ன இருக்கிறது என்று. ஒரு விரலில் பஞ்சு, இன்னொரு கையில் தலைக்கு மேலே தூக்கிய மெஷின், வாயெல்லாம் பல். மெஷினில் எச், ஐ.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். படித்ததும் படத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள்.

"ஹாய் அங்கிள்!"

சபை முழுவதும் சிரித்தது. இரண்டாவது வரிசையில் ரூபி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கைக் கையில் வாங்கினேன்.

"அது ஹாய் இல்ல" என்று தொடங்கினேன்.